கருங்கடல் ஓரத்தில் ஓர் உப்பளம்

மரக்காணத்து உப்பளத்தில் என் மனைவி பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வரப்போரக் கொட்டகையில் உட்கார்ந்து வேறொரு ஊரில் சுற்றிக்கொண்டிருந்தேன். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? அந்த ஊரின் பழைய பெயர் அங்கியாலோஸ். கருங்கடல் கரையில் கிரேக்கர்கள் குடியேறி உண்டாக்கிய துறைமுகம். இன்று பல்கேரியாவில் வேறு பெயரோடு இருக்கிறது. அதன் படம் ஒன்றை போனில் பார்த்த அன்றே கவிழ்ந்துவிட்டேன். கடல், இந்தப் பக்கம் உப்பங்கழி, கழியோரம் சதுரம் சதுரமாகப் பாத்திகள், வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். அசல் நம்ம ஊரேதான், பனைமரம் மட்டும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக அதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுத ஆரம்பித்தேன்.

பத்து மணி வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தூரத்து உப்புக் குவியல்கள் அசையும். கொஞ்ச நேரத்தில் பாய் விரித்த கப்பல்களாகிவிடும். ரோமானியச் சிப்பாய் ஒருவன் ஈசிஆர் ரோட்டைக் கடந்து வந்து, மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடப்பான். நான் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. தினமும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது கேட்பாள்.

“என்னங்க, இன்னிக்கு ஒங்க ஊர்ல யாரு ராஜா?”

“ரோமாபுரிக்காரன்.”

அடுத்த வாரம் கான்ஸ்டான்டிநோபிள்காரன். அப்புறம் பல்கேரியன். மறுபடியும் கான்ஸ்டான்டிநோபிள்.

“ஒரு நெலையில இருக்க மாட்டானுங்களா?” என்று சிரிப்பாள்.

நான் எழுதிய ஒவ்வொரு படையெடுப்பும் ‘நகரம் அடியோடு அழிந்தது’ என்றே முடிந்தது. எழுத நன்றாக இருந்தது. அடுத்த பக்கத்தில் அங்கே மறுபடி உப்பு விளைந்துகொண்டிருக்கும். நடுவில் யார் என்ன செய்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த வருடம் கோடை மழை இரண்டு முறை அவள் பாத்திகளைக் கெடுத்திருந்தது. உப்பளம் அவளுடைய அப்பா விட்டுப்போனது. “இன்னொரு வாட்டி போச்சுன்னா குத்தகைக்கு வுட்டுட்டு வூட்ல ஒக்காந்துடுவேன்,” என்றாள். மூன்றாம் முறை தண்ணீர் விட்டு, இருபது நாள் வெயிலில் அது கனத்து உப்புப் பூக்கத் தொடங்கிய நேரத்தில், கிளியனூரில் அவளுடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு வந்தது. கூட வேலை செய்பவர்களும் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள்.

“மழ வந்தா பயப்படாதீங்க. மழத்தண்ணி லேசு, உப்புத்தண்ணி மேல மெதக்கும். மழ வுட்டதும் வரப்புல மேல நாலு வெரல் மட்டும் செதுக்குங்க, அது போயிடும். அடித் தண்ணிதான் நம்மளுது,” என்று மண்வெட்டியைக் காட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் கொட்டகையில் நான் நோட்டில் துருக்கியரின் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மழை பெய்வது காதில் விழுந்தது. அந்த ஊரில் பெய்வதாக நினைத்து அதையும் எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தபோது மழை விட்டிருந்தது, பாத்திகள் தளும்பிக்கொண்டிருந்தன. ஓடினேன். பதற்றத்தில் நாலு விரல் மறந்துபோய், வரப்பை அடிவரைக்கும் வெட்டினேன். தண்ணீர் பாய்ந்து ஓடியது. பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மற்ற பாத்திகளையும் அப்படியே வெட்டினேன். கடைசிப் பாத்தியில் தெறித்த தண்ணீர் உதட்டில் பட்டது. உப்புக் கரிப்பில் நாக்கு சுருண்டது. அவளுடைய இருபது நாள் வெயில் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் பட்டுப்புடவையும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக வந்து வரப்பில் நின்றாள். வெறும் சேற்றைப் பார்த்தாள்.

“மழையா இருந்தா திட்டித் தீத்துடுவேன். ஒங்கள என்னான்னு திட்டுறது?” என்றாள்.

ஐந்து நாள் சாப்பாடு வந்தது, கேள்வி வரவில்லை. குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டும் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நோட்டைத் திறக்கவே இல்லை.

ஆறாம் நாள் காலையில் அவளை வீட்டில் காணவில்லை. உப்பளத்துக்குப் போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் நின்று, மழையில் இளகிய தரையைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தாள். தரை இறுகினால்தான் மண் கலக்காமல் உப்பு எடுக்க முடியும். வளையல்களைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, பக்கத்தில் நின்று மிதித்தேன். ஒரு பாத்தியை முடித்து அடுத்ததில் இறங்கினோம்.

பிறகு, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

“இன்னிக்கு ஒங்க ஊர்ல யாரு ராஜா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தெரியல. எல்லாரும் பாத்தி மிதிச்சிட்டிருக்காங்க,” என்றேன்.