சிங்காரிக்கு உப்பு தலைக்கேறல

காலையில அளத்துக்கு உப்பு வாரப் போறேன், பக்கத்துப் பாத்திக்காரன் கன்னியப்பன் வரப்புல ஒரே கூட்டம். நடுவுல சிங்காரி. கன்னியப்பன் பொண்டாட்டி செல்வி குட்டியிலேர்ந்து வளக்குற நாய். கெடந்த எடத்துலயே வாயை மெல்லுது. வாயில ஒண்ணும் கெடையாது, சும்மாவே மெல்லுது... நுரை தள்ளுது, நாலு காலும் நீச்சல் அடிக்குது.

பாத்ததும் சொல்லிட்டேன், "பாத்தித் தண்ணி குடிச்சிருக்குது. வெல்லத்தண்ணி ஊத்துங்கடா."

முத்துன உப்புத்தண்ணி குடிச்ச நாய் எங்க அளத்துல இப்படித்தான் இழுக்கும். எங்கப்பா காலத்துல ஒரு செவலை நாய் இருந்துச்சு. உப்பு நக்க வர்ற மாட்டையெல்லாம் ஒத்தையா வெரட்டும். ஒருநாள் அனுமந்தை வரைக்கும் ஒரு காளைய... சரி, அது வேற கதை. விடுங்க.

அனுமந்தையிலேர்ந்து மீன் விக்க வர்ற ராசாத்தி எட்டிப் பாத்தா. "அட போ பெரியப்பா! பேத்தை மீன் தின்னுருக்கும். வெஷமாச்சே அது, கரையில கெடந்தா கவ்வாதா?"

ஆட்டோ ஓட்டுற சேகர் தள்ளி நின்னுக்கிட்டே, "யோவ் பெருசு, ரெண்டும் இல்ல. வெறி! கட்டையை எடுங்க"ன்னான்.

உப்புக்காரனுக்கு உப்பு, மீன்காரிக்கு மீன். அவனவனுக்குத் தெரிஞ்ச பேரை வெச்சிட்டா பயம் கொஞ்சம் கொறையுதுல்ல?

செல்வி வெல்லத்தண்ணியோட நாய் வாயில கை வெக்கப் போறா. "ஏய், கடிச்சா நீயும் சேந்து போயிடுவ!" — சேகர் கட்டையை ஓங்கிட்டான். கன்னியப்பன் குறுக்க வந்து நின்னான். "அடிக்கணும்னா டாக்டர் சொல்லட்டும். அதுவரைக்கும் எவனும் கிட்ட வராத."

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். வாயில எதையும் ஊத்தாதீங்க, கையும் வெக்காதீங்க, இழுப்பு நின்னதும் கோணியால மூடி எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொன்னாங்க. ராசாத்தியோட மீன் டப்புல வெச்சு ஏத்துனோம். எந்த வண்டியில? சேகர் ஆட்டோவுலதான்! வேற வண்டி ஏது? வழி முழுக்க முணுமுணுத்துக்கிட்டே ஓட்டுனான்.

டாக்டரம்மா மொதல்ல கேட்டது, "இதுக்கு முன்னாடி சளி புடிச்சுதா? கண்ல பீளை தள்ளுச்சா?"

"ஆமாங்க, போன மாசம். மூக்கு ஒழுகுச்சு, சோறு தின்னல. உப்புக்காத்து ஒத்துக்கலைன்னு விட்டுட்டேன்"னா செல்வி.

"ஊசி?"

"வெறிநாய் ஊசி மட்டும் கேம்ப்ல போட்டோம்."

"இது டிஸ்டெம்பர் மாதிரிதான் தெரியுது. வைரஸ்மா. நாய்க்கு நாய் மூச்சுலயும் சளியிலயும் தொத்தும். சளி, ஜுரம், பேதின்னு வரும். சரியாயிடுச்சுன்னு நாம நெனைக்கிறப்போ மூளைக்குப் போயி உக்காந்துக்கும். மூளை வீங்கும். அதான் இந்த இழுப்பு. மனுஷங்களுக்கு வராது. ஆனா வெறி இல்லவே இல்லைன்னு பார்வையில சொல்ல முடியாது. தனியா கட்டி வையுங்க, யாரும் கடி வாங்கிடாதீங்க."

"பொழைக்குமாங்க?"

"வைரஸைக் கொல்ல மருந்து கெடையாது. இழுப்பை அடக்க மாத்திரை தர்றேன். மீதி அதோட ஒடம்பு பாத்துக்கணும். இதுக்குத் தனி ஊசி இருக்குது, குட்டியிலயே போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்."

செல்வி வர்ற வழியெல்லாம் அந்த டப்பு மேல கண்ணை வெச்சபடியே வந்தா.

சேகர் மறுநாளே அவன் வீட்டு நாயைத் தூக்கிக்கிட்டு ஊசிக்குப் போயிட்டான். எங்க யார்கிட்டயும் சொல்லல.

சிங்காரி ரொம்ப நாளு படுத்தே கெடந்துச்சு. கஞ்சிய நக்குச்சு, அப்புறம் எழுந்து நின்னுச்சு. இப்போ வரப்பு மேல நடக்குது. முன்னங்கால் ஒண்ணு மட்டும் தூங்குறப்போகூட வெட்டி வெட்டி இழுக்குது. அது இனிமே நிக்காதுன்னு சொல்லிட்டாங்க டாக்டரம்மா.

"ஆடட்டுங்க"ன்னா செல்வி. "உசுரு இருக்கறதாலதான ஆடுது."