நானே எழுதிக் கொடுத்த சமோசா

எழுத்துகள் ஏறியும் இறங்கியும் போயிருக்கின்றன, மன்னிக்கவும். எழுதப் பழகி ஐந்து மாதம்தான் ஆகிறது. பேத்தி இந்தத் தாளை ஸ்கேன் செய்து அவளுடைய பிளாக்கில் போடுகிறாள்.

பல வருடமாக நான் நூறு கிலோவுக்கு மேல். பத்து கிலோ குறைத்தால்தான் முட்டியில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன திங்கட்கிழமையிலிருந்து டயட். காலையில் ஓட்ஸ், இரவில் இரண்டு சப்பாத்தி, நடுவில் வெள்ளரிக்காய்.

இன்று சேலையூர் முதியோர் கல்வி வகுப்பில், "நேத்து நடந்ததை அஞ்சு வரி எழுதுங்க" என்றார் டீச்சர். நான் ஏழு வரி எழுதினேன்.

"பாய் ஒரு தப்புகூட இல்லாம எழுதியிருக்கார்!" என்று அதைச் சத்தமாகப் படித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாவது வரிக்கு வந்தபோதுதான் என்ன எழுதியிருந்தேன் என்று நினைவு வந்தது. "கேம்ப் ரோடு கடையில் மூன்று சமோசா சாப்பிட்டேன். நல்ல சூடு."

பின் பெஞ்சில் என் மனைவி. அவளும் அதே வகுப்புதான்.

"மூணா? ராத்திரி பசிக்கலைன்னீங்களே, இதானா? இனிமே முட்டி வலின்னு வாங்க, பேசிக்கிறேன்!"

வகுப்பே சிரித்தது. அத்தோடு விட்டாளா?

"டீச்சரம்மா, தெனம் சாப்பிட்டத எழுதணும்னு இவருக்கு ஹோம்வொர்க் குடுங்க."

கொடுத்துவிட்டார்.

பொய் எழுதலாம்தான். ஆனால் அறுபத்தெட்டு வயதில் கற்ற எழுத்தில் பொய் எழுத மனம் வரவில்லை.

அடுத்த வாரம் எடை பார்த்து, அந்த எண்ணை என் கையாலேயே இங்கே எழுதுகிறேன். அதற்குள் யாராவது என்னைக் கேம்ப் ரோட்டில் பார்த்தால், தயவுசெய்து கீழே கமென்ட்டில் எழுதிவிடாதீர்கள். இப்போது அவளுக்கும் படிக்கத் தெரியும்.