நீளமான இறக்கை மெதுவாகச் சுற்றியது

சோலூருக்கு மேலே, மேட்டின் கடைசி வீடு எங்களுடையது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிகளில் விளக்கு கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பயிற்சி முடித்து வரும்போது இருட்டிவிடும். மழைக்காலத்து மாலை ஒன்றில், படியோரம் இருந்த புதர் பெருமூச்சு விட்டது. காட்டெருமை. குடையை அங்கேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து கூட்டிப்போகும்வரை அங்கேயே நின்றேன்.

அவர் ஊட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "படிக்கு ஒரு லைட் போட்டே ஆகணும். மழையில கரண்ட நம்ப முடியாது. இந்தப் பனியில சோலாரும் ஆகாது. நம்ம மேட்டுல காத்துக்குப் பஞ்சமா? காத்தாடி செய்யறேன் பாரு."

பழைய சாமான் கடையில் ஒரு டிரெட்மில் மோட்டார் கிடைத்தது. அதைச் சுற்றிவிட்டால் கரண்ட் தரும் என்றார். பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் அறுத்து, இரண்டடி நீளத்தில் மூன்று இறக்கைகள் செய்தார். சுற்றுகளை எண்ணுவதற்கு வசதியாக ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். கூரைக்கு மேலே கம்பம் நட்டு ஏற்றியதும் அது விர்ரென்று சுற்றியது. படியில் பல்பு எரிந்தது. காற்று கொஞ்சம் தணிந்தால் உடனே நின்றுவிடும் என்பதுதான் குறை.

யோசனை சொன்னது நான்தான். "ஏனுங்க, இறக்கைய நீளமா வெச்சா காத்து நெறையப் புடிக்குமில்லீங்க? இன்னும் வேகமா சுத்தும்."

"அதுவும் சரிதான்" என்று நான்கடியில் மூன்று இறக்கைகள் செய்து, ஒன்றுக்கு அதே சிவப்பை அடித்து மாட்டினார்.

காற்று தணிந்தபோதும் அது நிற்கவில்லை. ஆனால் ஆட்டுக்கல் குழவியைப் போல நிதானமாகச் சுற்றியது. பல்பு எரியவே இல்லை. கீழ்வீட்டில் குடியிருந்து கேரட் பயிரிடும் அம்மா வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், இது காக்கா வெரட்டறதுக்குங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து, சிவப்பு இறக்கையை வைத்து எண்ணினார். சின்ன இறக்கை மாட்டியிருந்தபோது எண்ணியது நொடிக்கு ஐந்து சுற்று. அதே மாதிரிக் காற்றில் பெரியது இரண்டரைதான். "எங்கியோ உரசுது" என்று பேரிங்குக்கு கிரீஸ் போட்டார். கழற்றினார், மறுபடி மாட்டினார். ஒரு வாரம் அவர் சட்டையெல்லாம் கிரீஸ்.

அந்த வாரம் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கான அணிவகுப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எப்போதும் வரிசைக்கு நான்கு பேர்தான். அந்த முறை தலைமையாசிரியை எட்டுப் பேர் வேண்டுமென்று கேட்டிருந்தார். மைதானத்தின் மூலையில் வரிசை அப்படியே ஒரு கதவு போலத் திரும்ப வேண்டும். உள்பக்கம் நிற்கும் பெண் நின்ற இடத்திலேயே காலை மாற்றுவாள். வெளிக்கோடியில் இருப்பவள் பெரிய வட்டம் போட்டு வர வேண்டும். நான் பழைய தாளத்துக்கே விசில் ஊதினேன். வரிசை வாழைநார் மாதிரி வளைந்து அறுந்தது.

கோடியில் இருந்த பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், நான் நடந்து வரவா, ஓடி வரவா? நடந்தா இவங்க எனக்கு முன்னாடியே திரும்பிடறாங்க."

ஓடக்கூடாது, அணிவகுப்பு. அவள் நடையை மாற்ற முடியாதென்றால், முழு வரிசையும் மெதுவாகத்தான் திரும்ப வேண்டும். "உள்ள இருக்கறவங்க மெதுவாத் திரும்புங்க. கோடியப் பாத்துத் திரும்புங்க" என்றேன். நான்கு பேர் திரும்பியதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து, எட்டுப் பேரும் ஒரே கோடாகத் திரும்பினார்கள். அவள் நடையின் வேகம் மட்டும் மாறவில்லை. விசில் வாயிலிருக்கச் சிரித்துவிட்டேன். அது தானாகவே ஊதியது. பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் அவரைக் கூப்பிட்டேன். "எங்கியும் உரசலீங்க. நீங்க எத்தன சுத்துன்னு மட்டும்தான் எண்ணுனீங்க. நுனி எவ்வளவு தூரம் போகுதுன்னு பாருங்க."

இரண்டடி இறக்கையின் நுனி ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி போகிறது. நொடிக்கு ஐந்து சுற்று என்றால் அறுபத்திரண்டரை அடி. நான்கடி இறக்கையின் நுனி ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து அடி. இரண்டரையால் பெருக்கினால் அதே அறுபத்திரண்டரை. அவர் போனில் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே காற்று, இரண்டு நுனிகளுக்கும் ஒரே வேகம். வட்டம் பெரிதானதால் சுற்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"மணிக்கு எழுபது கிலோமீட்டர் கிட்ட வருது" என்றார் மெல்ல. "நம்ம ரோட்டுல பஸ்ஸு கூட இந்த வேகத்துல போகாது. இதப் போயி மெதுவுன்னு திட்டிட்டிருந்தேன்."

"அப்பச் சின்னதையே திருப்பி மாட்டிருங்க."

"வேண்டாம். பெருசுக்கு பலம் இருக்கு, நிக்காம சுத்துது. மோட்டாருக்குத்தான் சுத்து பத்தல. அத நான் பாத்துக்கறேன்."

காற்றாடித் தண்டில் ஒரு குழந்தை சைக்கிளின் ரிம்மைப் பொருத்தி, மோட்டாரில் அந்த ரிம்மின் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள சக்கரத்தை மாட்டி, இரண்டையும் பெல்ட்டால் இணைத்தார். பெல்ட் ஓடும் வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். ரிம் ஒரு சுற்று சுற்றினால் சின்னச் சக்கரம் மூன்று சுற்றியாக வேண்டும். என் அணிவகுப்பு வரிசைக் கணக்கையே திருப்பிப் போட்டுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்டில் பனி இறங்கியது. ஊரில் கரண்ட் இல்லை. காற்றாடியை நிறுத்தி வைக்கப் போட்டிருந்த பிரேக்கை அவர் விடுவித்தார். காற்றாடி தன் நிதானத்தில் சுற்ற ஆரம்பித்தது. படி முழுக்க வெளிச்சம் விழுந்தது. நாங்கள் இருவரும் மேலும் கீழும் சும்மாவே நடந்து பார்த்தோம்.

வேலியோரம் கீழ்வீட்டு அம்மா வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இதுல மிக்ஸி ஓடுங்களா?"

"மிக்ஸிக்குப் பத்தாதுங்க. லைட்டுதான்" என்றார் இவர்.

"லைட்டுன்னாலும் சரிங்க. எங்க கேரட் காட்டுக்கு ஒண்ணு வெச்சுக் குடுங்க."

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும் முன்பே இவர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.