படையலுக்குக் காக்கா வராத தீவு

ஹரிதாஸ் புக்கிட் ரம்பாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளிக்கு மூடி அடிக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவன். அதிகம் பேசமாட்டான். பேச ஆரம்பித்தாலும் பாதியில் விட்டுவிடுவான். பாயா ரும்புட்டில் பழைய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என் கடைக்கு அவன் வந்தால் காரணம் ஒன்றுதான். அவன் வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் பெட்டி, அதற்குள் இருக்கும் தீவு.

தீவு என்றால் ஒரு விளையாட்டு. அதை விற்ற கம்பெனி எப்போதோ மூடிப் போய்விட்டது. சுடுவது, ஓட்டுவது, ஜெயிப்பது எதுவும் அதில் கிடையாது. முட்டையிலிருந்து முயல் பருமனில் பிராணிகள் பொரிந்து வரும். தாமாகவே நடக்கும், பசிக்கும், முட்டையிடும், கிழடாகும், சாகும். நமக்குக் கொடுத்திருப்பது ஒரு கை மட்டும். அந்தக் கையால் தடவினால், செய்தது சரி என்று அவை எடுத்துக்கொள்ளும். தட்டினால், தப்பு. வார்த்தையைத் தட்டச்சு செய்து காட்டினால் கற்றுக்கொள்ளும். தாய் கற்றதைக் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும்.

அதை வளர்த்தவள் ஹரிதாஸின் மனைவி திலகா. சீனி வியாதியில் சிறுநீரகம் போய், ரத்தம் சுத்தம் செய்யப் போகாத நாட்களில் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். வா, போ, சோறு, வேண்டாம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து அவற்றுக்குத் தமிழ் பழக்கினாள். முதலில் பொரிந்ததற்கு மாமியார் பெயரையே வைத்தாள், முத்தாயி என்று.

"உங்கம்மா இன்னிக்கு நான் சொன்னத கேட்டுச்சுங்க. ஒரே தட்டுதான்" என்று அவனை வம்புக்கு இழுப்பாள். அவன் சிரிக்காத மாதிரி இருப்பான்.

அந்த முத்தாயி செத்த பிறகு வந்த அமாவாசையில், திலகா தீவின் ஓரத்து மலையடியில் அதன் பேரில் பழம் வைத்தாள். வீட்டில் பின்சுவரில் இலை போட்டு, காக்கா எடுக்கும்வரை யாரும் வாயில் எதுவும் வைக்காத குடும்பம் அது. பெட்டிக்குள்ளும் அதே சட்டம்தான். படைத்த பழத்துக்கு வாயைத் திறந்துகொண்டு வந்த பிராணிக்கெல்லாம் ஒரு தட்டு விழும். கூடவே "வேண்டாம்" என்று அடிப்பாள். செத்ததற்கெல்லாம் அப்படியே படைத்தாள். அவள் போன பிறகு ஹரிதாஸ் அதை விடவில்லை. பின்சுவரில் திலகாவுக்கு ஒரு இலை, பெட்டிக்குள் மற்றவற்றுக்குப் பழம்.

இந்த வருஷம் ஒரு மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அண்ணே, தீவு நகர மாட்டேங்குது."

"ஏன் லா, அதுக்கும் முட்டிவலியா?"

"விளையாடாதீங்கண்ணே. ஒரு அடி எடுத்து வைக்கறதுக்குள்ள நான் தேத்தண்ணி கலக்கிக் குடிச்சிட்டு வந்துடுறேன்."

தூசியை ஊதினேன். மெமரியைக் கூட்டினேன். டிஸ்க்கை மாற்றினேன். தீவு அசையவில்லை. சரி, முழுசாகச் சுற்றிக் காட்டு என்றேன். மரம், குளம், கூடு எல்லாம் தாண்டி மலையடிக்கு வந்தான். திரை முழுக்கப் பழம். மலையே தெரியவில்லை.

"இதென்னடா, பாசார் மாலாமா? ராத்திரிச் சந்தை மாதிரி கொட்டிக் கெடக்கு."

"படையல்."

"யாரு திங்கிறது?"

"யாரும் தின்னக்கூடாது."

"அப்ப காக்கா?"

"அதுல காக்கா இல்லண்ணே."

அந்த விளையாட்டில் பழம் அழுகாது. யாராவது தின்றால்தான் போகும். தீவு ஒவ்வொரு அடிக்கும் தன்னிடம் உள்ள ஒவ்வொரு பழத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போகும். அத்தனை வருஷப் படையலையும் எண்ணி முடிப்பதற்குள் அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது.

"அள்ளிக் கொட்டுனாத்தான் ஓடும்" என்றேன்.

"படைச்சத எப்படிண்ணே கொட்டுறது?"

"இப்படியே விடு. ஒருநாள் சேவ் பண்றப்ப பாதியில நின்னுரும். அப்புறம் தீவும் கிடையாது, சின்ன முத்தாயியும் கிடையாது."

சின்ன முத்தாயி என்பது திலகா தன் கையால் கடைசியாகப் பொரிக்க வைத்த பிராணி. அவளிடம் நேராக வார்த்தை கற்றதில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஹரிதாஸ் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு ஒவ்வொரு பழமாகத் தொட்டுக் கும்பிட்டு அழித்தான். சாயங்காலம் வரைக்கும் அதையே செய்தான். கடைசிப் பழம் போனதும் தீவு துள்ளி எழுந்தது. பிராணிகள் ஓடின, குதித்தன, சின்ன முத்தாயி குளத்தைச் சுற்றியது. அவன் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த அமாவாசையன்று போன் வந்தது. "அண்ணே, கொஞ்சம் வாங்க." அவ்வளவுதான் சொன்னான்.

அவன் வீட்டுக்குப் போனபோது பின்சுவரில் இலையைச் சுற்றிக் காக்காக்கள் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே தீவில் மரமெல்லாம் பழம். அடியில் பிராணிகள் சாய்ந்து கிடந்தன. நான் பார்க்கும்போதே ஒரு குட்டி எழுந்து பழத்துக்குக் கையை நீட்டியது, இழுத்துக்கொண்டது. தலைக்கு மேல் "வேண்டாம்" என்று எழுத்து வந்தது. அப்படியே படுத்துவிட்டது.

படைத்த பழம் வேறு, மரத்துப் பழம் வேறு என்பது திலகாவுக்குத் தெரியும். அவற்றுக்குத் தெரியாது. பழத்தைத் தொட்டால் தட்டு விழும் என்பதைத்தான் தாய் குட்டிக்குச் சொல்லி, அது தன் குட்டிக்குச் சொல்லி, இறுகிப் போயிருக்கிறது.

"முன்னாடியும் இப்படித்தானா?"

"முன்னாடி அதுங்களுக்குப் பசிக்கவே நாளாகும்லண்ணே."

 மெதுவாக ஓடியதால்தான் அவை இத்தனை நாள் பிழைத்துக் கிடந்திருக்கின்றன.

சின்ன முத்தாயி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பழத்துக்கும் குளத்துக்கும் நடந்தது. திரும்பத் திரும்ப அதே வார்த்தை.

"பழத்த வாயில வச்சுத் தடவிக் குடு" என்றேன். "தடவித் தடவி அந்த 'வேண்டாம்'ங்கறத மறக்கடி. வேற வழியில்ல."

அவன் கையை அதன் தலைக்கு மேல் கொண்டுபோனான். பழத்தை எடுத்தான். கை அங்கேயே நின்றது.

"அது திலகா சொன்னதுண்ணே."

"செத்துரும்டா."

"தெரியுது."

தடவவில்லை. பறித்ததும் புதுசு காய்க்கும் மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து மலையடியில் போட்டான். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. என்ன செய்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அறிவு கெட்டவனே, பழையபடி ஆக்குறியா? இது சாவ தள்ளிப் போடறதுதான்."

"தள்ளித்தான் போடணும்" என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "திலகாவுக்கும் நாம அதானண்ணே பண்ணோம்."

 பழம் குவியக் குவிய தீவு திணறியது. சின்ன முத்தாயியின் நடை தள்ளாடி, நகர்ந்து, நின்றது.

போன வாரம் போய்ப் பார்த்தேன். மலை மறுபடியும் தெரியவில்லை. பெட்டி விசிறி மேடு ஏறுகிற லாரி மாதிரி கத்தியது. சின்ன முத்தாயி மரத்தடியில் கையைத் தூக்கினபடி இருந்தது. தலைக்கு மேல் "வேண்" வரைக்கும் வந்திருந்தது. மீதி எழுத்து வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது.

"சேவ் பண்ணியா?" என்றேன்.

"பயமா இருக்குண்ணே" என்றான். நாற்காலியை விட்டு அவன் எழுந்திருக்கவில்லை.