தொட்டுப் பார்க்கும் வீரமணி

கேஸ் அடுப்பின் இரண்டு திருகுகளையும் தொட்டாயிற்று. பின்கதவுத் தாழ்ப்பாள், குழாய், மாட்டுக் கயிறு எல்லாம் தொட்டாயிற்று. கடைசியாக வீரமணி தன் மனைவி சின்னப்பொண்ணுவின் தோளை ஒரு விரலால் தொடுகிறார். "நான் இங்கதான் கீறேன், எங்கயும் ஓடிப் போவல. கெளம்பு" என்கிறாள் அவள், கழுவுகிற பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பதினாறு வருஷக் குடித்தனத்தில் தாழ்ப்பாள்களின் கணக்கில் அவளும் சேர்ந்துவிட்டாள்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார் வீரமணி. வயது நாற்பத்திரண்டு. ஆள் ஒல்லி, நகங்களில் எப்போதும் கிரீஸ். வண்டியைக் கிளப்பும் முன் ஒரு சுற்று வருவார். சக்கரங்களையும் கயிற்றின் முடிச்சுகளையும் விளக்கையும் தொட்டுவிட்டு, டிராக்டரையும் டிரெய்லரையும் கோக்கிற இரும்புப் பின்னுக்கு வருவார். அதை மட்டும் இரண்டு முறை தொடுவார். வண்டிக்கு உதவியாள் அவருடைய மைத்துனன் ராசு. "நான் பாத்துட்டேன் மாமா, பின்னு நல்லா கீது" என்று தினமும் சொல்வான். மாமா தினமும் போய்த் தொடுவார்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கினார். பின்னைப் பார்க்க வேண்டிய கிளீனர் அன்றைக்கு வரவில்லை. சும்மா மலை பார்க்க வந்த ராசு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். ஒரு வளைவில் பின் கழன்று டிரெய்லர் தனியே போய்விட்டது. உயிர் தப்பினான். ஆனால் வலது முழங்கால் இன்றுவரை மடங்கவில்லை. யாராவது கேட்டால், "அன்னிக்கி ஸ்டீரிங்கும் நானே, பின்னும் நானே..." என்று ஆரம்பிப்பார் வீரமணி. அதற்குமேல் வராது. கை பக்கத்தில் எதையாவது தேடும்.

அன்றிலிருந்து உலகத்தில் அவர் தொட்டுப் பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ராசுவின் அந்த முழங்கால்.

அவர் செஸ் கற்றது சர்க்கரை ஆலை வரிசையில். அறுவடைக் காலத்தில் கரும்பு வண்டிகள் ஒன்றரை நாள்கூட நிற்கும். ரெக்ஸின் துணியில் வரைந்த கட்டங்கள், தொலைந்துபோன சிப்பாய்களுக்குப் பதில் நட்டுகள். எதிராளி ஆடியதும் வீரமணி தாக்கப் பார்க்கமாட்டார். தன் காய்களை ஒவ்வொன்றாகத் தொடுவார். "நீ யாரு காவல்ல கீற?" என்று குதிரையைக் கேட்டுவிட்டு, காவல் நிற்கிற காயையும் தொடுவார். "எவன் நம்மள அடிக்க வரான்னு மொதல்ல பாரு. நம்மாளுக்கு எவன் காவல்னு அப்பறம் பாரு. நாம அடிக்கறதெல்லாம் மூணாவதுதான்" என்பது அவருடைய சித்தாந்தம். அதற்குள் எதிராளி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சிலர் குட்டித் தூக்கமே போட்டிருக்கிறார்கள். ஆனாலும் வரிசையில் அவரை ஜெயிக்கிறவர்கள் கம்மி.

பந்தயத்தில் அது நடக்காது. அங்கே தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். போன வருஷம் கள்ளக்குறிச்சிப் போட்டியில், பத்திரமாக இருக்கிறாளா என்று பார்க்க ராணியைத் தொட்டார். நடுவர் வந்து "தொட்டுட்டீங்க, ஆடுங்க" என்றார். ராணிக்குப் போக நல்ல இடம் ஒன்றுகூட இல்லை. கண் முன்னால் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தப் போட்டியை அவர் விடுவதாயில்லை. கச்சிராயபாளையத்தில் வீரமணிகள் மூன்று பேர். "எந்த வீரமணி, பின்னு வுட்டவனா?" என்றுதான் டீக்கடையில் இவரை விசாரிப்பார்கள். அந்தப் போட்டியில்தான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். இடம் கிடைத்தால் பெயர் பேப்பரில் வரும். செஸ் வீரமணி என்று ஒரு நாலு பேராவது சொல்லமாட்டார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு, வெறும் டிரெய்லரோடு போட்டி நடந்த கல்யாண மண்டபத்துக்குப் போனார். இந்தத் தடவை ஒரு தந்திரம் கையில் இருந்தது. "சரி செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டால் குற்றமில்லையாம். முதல் ஆட்டத்தில் பதினாறு காய்களுக்கும் பதினாறு முறை சொன்னார். எதிராளி தலையில் கை வைத்துக்கொண்டான். நடுவர் வந்தார். "ஐயா, காய் கோணலா இருந்தா மட்டுந்தாங்க அது. இன்னொரு வாட்டி இப்டிப் பண்ணீங்கன்னா ஆட்டமே போயிடும்."

அதிலிருந்து வீரமணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். குளிரூட்டாத மண்டபத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசிச் சுற்றுக்கு வந்தார். அதில் அரைப் புள்ளி போதும், அணியில் இடம் உறுதி.

எதிரே மலர்விழி, சின்னசேலத்தில் நர்ஸ். அமைதியான பெண். ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போன பிறகு, தன் இரண்டாவது யானையையும் திறந்த பாதைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். வீரமணி பலகைமேல் குனிந்தார். ஏதோ வருகிறது, என்னவென்று தெரியவில்லை. கண்ணாலேயே எண்ணினார். மந்திரிக்குச் சிப்பாய் காவல். நடுவில் நிற்கும் குதிரைக்கு யானை காவல். எல்லாம் பத்திரம். திரும்பவும் எண்ணினார், பத்திரம்தான். ஆனால் விரல் படாத கணக்கை அவரால் நம்ப முடியவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

தொடைக்கு அடியில் விரல்களை அழுத்தினார். மந்திரிக்குக் காவல் சிப்பாய், கட்டைவிரல். குதிரைக்குக் காவல் யானை, ஆள்காட்டி விரல். ஓரச் சிப்பாய்க்குக் காவல் குதிரை, நடுவிரல். கடைசியாக ராஜா. அவர் நிற்கும் வரிசைக்கு யார் காவல்? யானை. ஆள்காட்டி விரல் மறுபடியும் அழுந்தியது.

வீரமணியின் விரல் அங்கேயே நின்றுபோயிற்று. ஒரே யானை, இரண்டு காவல். அவள் ஒரு யானையால் இவருடைய குதிரையை வெட்டினால் இவருடைய யானை பழிவாங்க மேலே போகும். கடைசி வரிசை காலியாகும். அவளுடைய இன்னொரு யானை அங்கே இறங்கும். தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் ராஜா நகர வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். ஒருத்தனை இரண்டு வேலைக்கு நிறுத்தினால் என்ன ஆகும் என்று இவருக்கா தெரியாது? மலை வளைவில் பின் கழன்றபோது கேட்ட சத்தம் கொஞ்ச நேரம் மண்டபத்துக்குள் வந்து போயிற்று.

கையை வெளியே எடுத்து, ராஜாவின் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். ராஜாவுக்கு மூச்சு விட ஒரு சன்னல். உடனே கை தொடைக்கு அடியில் போய்விட்டது. மலர்விழி பலகையை வெகுநேரம் பார்த்தாள். "பாத்துட்டீங்களாங்க?" என்றாள் மெதுவாக. இன்னும் பத்து நகர்த்தலுக்குப் பிறகு கையை நீட்டினாள். "டிரா வெச்சிக்கலாங்களா?"

வெளியே ராசு மண்டபப் படியில், மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மாமா ஆச்சு?"

"அரைப் புள்ளி. அணியில எடுத்துட்டாங்க."

"அய்ய, அத ஏன் எழவு வூட்டு மூஞ்சியோட சொல்ற? வா, போலாம். பின்னு பாத்துட்டேன், நல்லா கீது."

வீரமணி டிராக்டர் பக்கம் திரும்பினார். நின்றார். பிறகு திரும்பி வந்து படியில் ராசுவின் வலப்பக்கம் உட்கார்ந்தார். தொடைக்கு அடியில் கிடந்த கை இன்னும் மரத்துப்போய்த்தான் இருந்தது. அதை இரண்டு முறை உதறினார். பிறகு ஆள்காட்டி விரலை முதலில் வைத்து, மெதுவாக உள்ளங்கை முழுவதையும் அந்த முழங்காலின் மேல் வைத்தார். ராசு காலை நகர்த்திக்கொள்ளவில்லை.