மழுங்கிய ஊசி

தரமணியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. வலிக்காத ஊசி செய்வதுதான் வேலை. ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு பேட்ச். அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணூசிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். தோலில் வைத்து அழுத்தினால் மேல்தோலுக்குள் இறங்கி, அங்கேயே கரைந்து மருந்தை விட்டுவிடும். வலி தெரியும் நரம்புவரை அவை எட்டாது. மனிதர்களிடம் போகுமுன் பன்றிக் காதின் தோலில் குத்திப் பார்ப்போம்.

இதையெல்லாம் மயிலாப்பூர் வீட்டில் விளக்கமாகச் சொன்னது என் தப்பு.

மாமனார் அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். "பன்னிக் காதத் தொட்ட கை. நல்லா கழுவிட்டு வந்து சாதம் போடு" என்பார் மாமனார். தினமும் கேட்டுப் பழகிவிட்டது. ஆனால் மூன்றாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்தபோது, பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்: "பன்னித் தோல்ல ஊசி குத்திட்டு வர்றவ வயித்துல புள்ள எப்படித் தங்கும்?" யாரோ சிரித்தார்கள். என் கணவர் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து டாக்டர் மாமனாருக்கு இன்சுலின் எழுதினார். காலையும் மாலையும், வயிற்றில். அவருக்குக் கை நடுக்கம், மருந்து ஏற்றும் பேனாவைப் பிடிக்க முடியாது. கணவருக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். "நீயே போட்டுடு. உனக்குத்தான் பழக்கம்" என்று கணவர் என்னிடம் விட்டுவிட்டார்.

இன்சுலின் பேனாவின் முனையில் திருகும் ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். ஒரு தடவை தோலுக்குள் போய்வந்தாலே நுனி மழுங்க ஆரம்பிக்கும். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ஊசி நுனிகளையே பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? முதல் வாரத்தில் ஒரு நாள் நிஜமாகவே மாற்ற மறந்துவிட்டேன். குத்தியதும் "ஸ்ஸ்" என்றார். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பிறகு ஒரே ஊசியைப் பத்து நாள் வைத்துக்கொண்டேன். கூடுதலாக வலிக்கும் என்று தெரிந்தே, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடே மருந்தை ஏற்றினேன். குத்தும் இடத்தை மாற்றவில்லை. தொப்புளுக்கு இடப்பக்கம் கன்றி, கட்டி தட்டிப்போனது. அளவு மட்டும் ஒரு யூனிட் தவறியதில்லை. அதில் நான் ரொம்ப நேர்மை.

ஒருநாள் சாப்பிடும்போது மகனிடம் சொன்னார். "டேய், இவ வேணும்னே குத்தறாடா. உயிர் போகுது."

"என்னப்பா நீங்க?" என்று கணவர் சிரித்தார். "வலிக்காத ஊசி செய்யறவப்பா அவ. வெளிய சொன்னீங்கன்னா உங்களத்தான் சிரிப்பாங்க."

அடையாற்றில் இருக்கும் நாத்தனாரும் போனில் அவரைத்தான் கண்டித்தாள். "அண்ணி வேலைக்கும் போய்க்கிட்டு உனக்கும் செய்யறாங்க. அவங்களப் படுத்தாதப்பா."

அன்று இரவும் நான்தான் ரசம் ஊற்றினேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அன்றிலிருந்து பன்றிப் பேச்சு நின்றுபோனது. எந்தப் பேச்சுமே நின்றுபோனது.

ஒரு மாதம் போயிருக்கும். கணவர் வீட்டில் இல்லாத ஒரு மாலை, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "உங்க ஆபீஸ்ல ஒட்டற ஊசி செய்யறீங்களே... அத எனக்குப் போட முடியுமா?"

அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. "கொண்டு வரேன்" என்றேன்.

மறுநாள் மருந்தில்லாத வெறும் பேட்ச் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்கையில் வைத்து அழுத்தினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"வலிக்கவே இல்லையே!" முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். "நீ நல்லா இருக்கணும்மா."

நான் பேனாவை எடுத்தேன். "அதுல மருந்து கிடையாது. சும்மா காட்டறதுக்குக் கொண்டுவந்தேன். பனியனத் தூக்குங்க."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தூக்கினார்.

காய்ச்சலில் அவர் படுத்தபோது உடம்பு துடைத்துவிட வந்த நாத்தனார் அந்தக் கன்றலைப் பார்த்தாள். "தோலு ரொம்ப மெலிசாயிடுச்சு அண்ணி. கொஞ்ச நாள் நான் வெச்சுப் பாத்துக்கறேன்" என்று அழைத்துப்போனாள். என்மேல் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

பொங்கலுக்கு அங்கே போனோம். ஆட்டோவில் வழியெல்லாம் மன்னிப்பு கேட்பதற்கான வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க."

"என்னப்பா, மருமகளுக்குப் போயி இவ்வளவு மரியாதை!" என்று நாத்தனார் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் காபி கலக்க உள்ளே போனதும் நான் பக்கத்தில் போய், "மாமா..." என்று ஆரம்பித்தேன்.

"காலைலயே ஊசி போட்டாச்சுங்க" என்றார் அவசரமாக.