ரத்னாபாயின் அவசரம்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரத்னாபாயைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் உள்ளங்கையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரும் எந்த வண்டியும் அந்தக் கையைப் பார்த்து ஒருமுறையாவது நின்றிருக்கும். டிராபிக் வார்டன், தினக்கூலி. தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலையிலிருந்து காலை ரயிலில் வந்து, நாள் முழுக்க மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, மாலை ரயிலில் திரும்புகிறவள்.

அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். கணவர் தாசையன் பாறசாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பழுது பார்த்த வண்டியை அதன் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவது கல்யாணமான புதிதிலிருந்தே அவள் பொறுப்பு. ஓட்டாத வண்டி இல்லை. ஒன்றையும் ஊர் எல்லை தாண்டி ஓட்டியதில்லை. போவது வண்டியில், வருவது நடந்து. இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் ஒருநாள்கூட வண்டியில் வீடு திரும்பாத ஆள் வேறு யாராவது உண்டா என்பது சந்தேகம்.

ஆண்டுக்கொரு முறை தம்பானூரில் பைக் ராலி கூடுகிறது. மூன்று மாநிலத்து வண்டிகள் வந்து சேர்ந்து, காலையில் பொன்முடிக்குப் புறப்படும். அன்று லாட்ஜ் வாடகை ஏறும், சாயாவின் விலை ஏறும், பைக் நிறுத்தக் காலி மனை வைத்திருப்பவர்களின் மரியாதையும் ஏறும். ஏறாதது வார்டனின் கூலி ஒன்றுதான். ரத்னாபாய் கையை நீட்டிப் பஸ்களை மறிப்பாள். ராலி அவளைக் கடந்து மலைக்குப் போகும். பத்து வருடமாக அவள் தயவில்லாமல் யாரும் பொன்முடி ஏறியதில்லை. அவள் மட்டும் ஏறியதில்லை.

"வேற ஒரு ஞாயிறாழ்ச்ச போயிட்டு வாருங்களேன் சேச்சி. மலை எங்க ஓடிப் போகுது?" என்று உடன் வேலை செய்யும் பிஜி கேட்டாள்.

"ஒத்தைக்குப் போனா, யாருக்கோ வண்டி கொண்டு குடுக்கப் போறதுன்னுதான் தோணும், பிள்ளே."

பிஜிக்கு அது நியாயமாகப் பட்டது. எனவே இந்த வருடம் ரத்னாபாயின் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். தாசையன் ஒரு பழைய புல்லட்டை வாங்கிப் பிரித்து மாட்டித் தயாராக்கினார். ராலிக் கட்டணம் அவளுடைய ஒரு வாரக் கூலியைத் தாண்டியது. அதைச் சேர்த்து முடிக்கையில் பதிவு முடிந்திருந்தது. ராலி ஸ்டிக்கர் ஒட்டாத வண்டியை அன்று மலையடிவாரச் செக்போஸ்டில் விடமாட்டார்கள். உள்ளூர் கிளப் செயலாளர் ஹரிகுமாரோ, "அதொக்க ரோடு கேப்டன் தீருமானிக்கணும்" என்று கழன்றுகொண்டார்.

கேப்டன் கோயம்புத்தூர்க்காரர். இதைக் கேட்டுப் பிஜி துள்ளினாள். "தமிழனாக்கும் சேச்சி! நம்ம ஆளு. தைரியமாட்டு நேர்ல கேளுங்க."

ராலி நாள் காலை ரத்னாபாய் புல்லட்டிலேயே பாறசாலையிலிருந்து வந்துவிட்டாள். சுடிதாருக்கு மேல் தாசையனின் மழைக்கோட்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேப்டனிடம் போய் நின்றாள். ரயிலில் வரும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம்தான். இன்ஜின் சத்தத்தில் பாதியைக் கத்த வேண்டியிருந்தது.

"சாரே, எனக்கும் ஒரு அவசரம் தரணும். ஒருபாடு காத்து நின்னாச்சு. இனி தாங்க ஒக்காது."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பாறசாலைத் தமிழர்களும் வாய்ப்பை அப்படித்தான் சொல்கிறார்கள். வேகமாகப் போக வேண்டியிருந்தால் 'திறுதி' என்பார்கள். கோயம்புத்தூரில் அவசரம் என்றால் அவசரம்தான். அதுவும் ஒரு பெண் நெளிந்துகொண்டு, நெடுநேரமாய்க் காத்து நிற்கிறேன், இனித் தாங்காது என்று சொன்னால் அது ஒரே ஒரு அவசரம்தான். அவள் முழு மலையாளத்தில் கேட்டிருந்தால் அவர் ஒரு ஆளைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டிருப்பார். தமிழில் கேட்டதுதான் வினையாகிவிட்டது.

"அட, இதுக்கெல்லாமா எங்கிட்டக் கேப்பாங்க!" கேப்டன் சங்கடத்தோடு கையைக் காட்டினார். "அதா, நீலக் கலர்ல தெரியுதுங்களா? லேடீஸுக்குத் தனியா இருக்குதுங்க. தாராளமாப் போங்க."

ரத்னாபாய் கண் கலங்கக் கும்பிட்டாள். ஓட்டமும் நடையுமாக நீலக் கலரை நோக்கிப் போனாள். அங்கே வரிசை நின்றது. ஸ்டிக்கர் வாங்கும் வரிசை என்று அவளும் நின்றாள். கதவு திறந்து ஒரு பெண் வெளியே வந்தபோதுதான் அது ராலிக்காக வைத்த கழிப்பறைப் பெட்டி என்று தெரிந்தது.

பத்து வருடக் கேள்விக்கு இதுவா பதில்? உன் இடம் இதுதான் என்று சொல்லிவிட்டான் என்றே அவள் எண்ணினாள். அழுவதற்கு ஒதுக்கமான இடம் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததோ அந்தப் பெட்டி ஒன்றுதான். அதற்குள் போக ரோஷம் விடவில்லை.

அப்போது முனையில் ஹாரன்கள் ஒன்றாக அலறின. ராலி கிளம்பிவிட்டது. நாகர்கோவில் பஸ் பாதி ரோட்டில் மூக்கை நீட்டி நிற்க, அதைச் சுற்றி ஆட்டோக்கள் மொய்க்க, நடுவில் பிஜி விசிலை ஊதி ஊதி முகம் சிவந்து நின்றாள்.

"எடா அண்ணா, பின்னுக்கு எடு!" ரத்னாபாய் ஓடிப்போய்ப் பஸ்ஸின் நெற்றியில் தட்டினாள். மழைக்கோட்டுக்குள்ளிருந்து அந்தக் கை நீண்டது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "சேச்சி இன்னைக்கு லீவுன்னு சொன்னாவளே?"

"எனக்குத்தான் லீவு. கைக்கு இல்ல. எடு பின்னுக்கு!"

பஸ் பின்வாங்கியது. பிஜி எதிர்ச் சாரியை மறிக்க ஓடினாள். வண்டிகள் ஒழுங்காகப் போகத் தொடங்கின. பைக் ஓட்டி வந்த பெண்கள் கூட்டமும் போனது. அதில் நரைத்த தலை ஒன்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தது.

கேப்டன் எப்போதும் கடைசி வண்டி. அவர் காதில் ஹரிகுமார் எதையோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. கேப்டன் சிரிக்கவில்லை. அவளிடம் ஓடி வந்தார்.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. நீங்க சான்ஸ் கேட்டீங்கன்னு எனக்கு இப்பத்தாங்க தெரிஞ்சுது. இந்தாங்க ஸ்டிக்கர். வண்டியை எடுங்க, எனக்கு முன்னாடி போங்க!"

ரத்னாபாய் ஸ்டிக்கரைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். அதன் பின்னால் ஐந்து பஸ்களும் எண்ணமுடியாத ஆட்டோக்களும் உறுமிக்கொண்டிருந்தன. முன்னால் நூறு வண்டியாவது இன்னும் கடக்க வேண்டும். கையை இறக்கினால் அவ்வளவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

"இப்ப அவசரம் இல்ல சாரே," என்றாள்.

அவள் மலையாள அவசரத்தைச் சொன்னாள். அவர் தமிழ் அவசரத்தைக் கேட்டார். "சரிங்கம்மா, மெதுவாவே வாங்க. மேல பாக்கலாம்!" என்று நிம்மதியாகத் தன் வண்டிக்குத் திரும்பினார்.

அவர்கள் போன பிறகு அடைந்து கிடந்த ஊரைத் திறந்துவிடவே மதியமாகிவிட்டது. ராலி திரும்பி வந்தபோது மறுபடியும் கையை நீட்டி வழிவிட்டாள். நகரத்தில் சுள்ளென்று வெயில். வந்தவர்களின் சட்டைகளோ மலையின் மஞ்சில், அந்தப் பனிமூட்டத்தில், தோள் நனைந்திருந்தன.

மாலையில் புல்லட்டில் பாறசாலைக்குத் திரும்பினாள். முதன்முறையாக வண்டியில் வீட்டுக்கு வருகிறோம் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. மலை தெரிகிறதா என்று பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு தண்ணீர் லாரிதான் தெரிந்தது.

சத்தம் கேட்டுத் தாசையன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "எப்பிடி, மேல மஞ்சு உண்டா?"

"நல்ல மஞ்சாக்கும். சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு."

யாருடைய சட்டை என்று அவள் சொல்லவில்லை. உலர்ந்த மழைக்கோட்டை வாங்கி உதறிக் கொடியில் காயப் போட்டார் தாசையன்.